சிவகாசிக்காரி தோட்டா வாங்கிய கதை

'டிக்' என்றது. அவ்வளவுதான்.

வெடித்திருக்க வேண்டிய துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆனால் நான் வெடித்தேன். தோள் முன்னால் பாய்ந்தது, முகம் இடப்பக்கம் திரும்பியது, குழலின் முனை தரையைப் பார்த்துத் தலை குனிந்தது. அந்தக் காலி 'டிக்'குக்கு நான் ஆடிய ஆட்டத்தைப் பின்னால் வரிசையில் நின்ற வேட்டைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். சிரிப்பை மறைக்க இருமுவதில் ஜெர்மன்காரர், தமிழர் என்ற பேதம் கிடையாது.

ஜெர்மனியில், எர்லாங்கன் நகருக்கு வடக்கே, பாறையும் குன்றும் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரி. அதற்குள்தான் அந்தச் சுடுகளம். ஏப்ரல் மாதத்து ஈரம், கருகிய வெடிமருந்து வாசனை, யாரோ ஓரமாக வாட்டிக்கொண்டிருந்த சாசேஜ் வாசனை, எல்லாம் கலந்து மூக்கில் ஏறியது. என் வலது புருவத்துக்கு மேல் ஒரு பிளாஸ்திரி. அதற்கு முந்தைய குண்டு வெடித்தபோது துப்பாக்கி பின்னால் உதைத்து, அதன் மேலிருந்த, குறிபார்க்கும் ஸ்கோப் என் புருவத்தைக் கிழித்திருந்தது.

"போலித் தோட்டா," என்றார் பக்கத்தில் நின்ற ஃப்ராவ் (திருமதி) லிண்ட்னர், நான் வேட்டையாட இடம் கேட்டிருந்த காட்டுக்காரர். "நீங்கள் பார்க்காதபோது நான்தான் போட்டேன். நிஜத் தோட்டா வெடிக்கும்போது உங்கள் மிரட்சி அந்த உதைக்குள் ஒளிந்துகொள்கிறது. இப்போது ஒளிய இடமில்லை."

நான் பிளாஸ்திரியை அழுத்திவிட்டுக்கொண்டேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன், அல்லது சண்டை போட்டிருப்பேன். இரண்டுக்கும் என்னிடம் ஜெர்மன் போதாது.

"உங்கள் தோட்டா நல்ல தோட்டாதான். ஆனால் நீங்கள் இப்படித் தலை குனிந்தால் அதன் பலனை அனுபவிப்பது மான். வயிற்றில் குண்டோடு எங்கேயோ போய் விழுந்து மெதுவாகச் சாகும். என் காட்டில் அது நடக்காது. கோதுமை அறுவடை வரைக்கும் பார்க்கிறேன். அதற்குள் இது சரியாகவில்லை என்றால் அந்த இடத்தை வேறொருவருக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்."

அந்த 'வேறொருவர்' யார் என்று எனக்குத் தெரியும். நூரம்பெர்க்கில் ஒரு பல் மருத்துவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். 

ஒரு காட்டுத் துண்டு

போன வாரம் வேட்டைப் பரீட்சை பாஸான கதையை எழுதியிருந்தேன். "பாஸானீர்கள் சரி, வேட்டைக்குப் போனீர்களா?" என்று பலரும் கேட்டுவிட்டீர்கள். அங்கேதான் சங்கதி இருக்கிறது. ஜெர்மனியில் பரீட்சை பாஸானால் கையில் உரிமம் வரும், காடு வராது. காடு யாரோ ஒருவருடைய குத்தகையில் இருக்கும். அவர் நம்பி உள்ளே விட்டால்தான் உண்டு. கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் கிடைக்கவில்லை என்பதுபோல.

ஃப்ராவ் லிண்ட்னர் குன்றுப் பக்கத்துக் கிராமத்தில் பால் பண்ணை வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதல். பால் கறந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவர் குத்தகைக்கு எடுத்திருந்த காட்டில்தான். அவரோடு வேட்டையாடிய ஒருவர் ஹாம்பர்குக்குக் குடிபெயர்ந்துவிட, ஓர் ஆளுக்கு இடம் காலியாகியிருந்தது. அந்த இடத்தைத்தான் நான் கேட்டிருந்தேன்.

ஏன் அவ்வளவு ஆசை என்று என் கணவர் செந்தில்கூடக் கேட்டார். எர்லாங்கனுக்கு வந்து ஆறு வருஷம். மருத்துவமனைகளுக்கான ஸ்கேன் இயந்திரத்தில் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகைக்கு நான் மென்பொருள் எழுதினேன். முழு இயந்திரத்தைக் கண்காட்சியில்தான் பார்த்தேன். வீடு வாடகை, சைக்கிள் பழையது, விசா மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. நான் ஒரு வாரம் காணாமல் போனால் இந்த ஊரில் எதுவும் கெடாது. அதுதான் என்னை அரித்தது. என் பொறுப்பில் ஏதாவது ஒன்று இங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தேன், ஒரு காட்டுத் துண்டாக இருந்தாலும் சரி.

குட்டி தூக்கிய கை

வேட்டைக்கு நான் வந்ததே குறுக்கு வழியில். பரீட்சைக்கு முந்தைய ஒரு வசந்தத்தில் அலுவலகத் தோழி ஒருத்தி, "அதிகாலையில் மான்குட்டி காப்பாற்றப் போகிறோம், வருகிறாயா?" என்று கேட்டாள். மே மாதக் கடைசியில் புல் அறுக்கும் இயந்திரம் வரும். ரே என்கிற அந்தச் சின்ன வகை மானின் குட்டிகள் ஆபத்து வந்தால் ஓடாது, அப்படியே புல்லுக்குள் அமுங்கிப் படுத்துக்கொள்ளும். இயந்திரம் வந்தாலும் அதே கதைதான். ஆகவே, அறுப்பதற்கு முன் ஆட்கள் வரிசையாகப் புல்வெளியில் நடந்து தேடுவார்கள்.

அன்றைக்கு என் காலடியில் ஒன்று கிடந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. முதுகில் வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் நடந்துவந்த பெண் என் கையில் ஒரு கொத்துப் புல்லைத் திணித்து, "வெறுங்கையால் தொடாதீர்கள். மனித வாசனை பட்டால் தாய் வராது," என்றாள். புல்லோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டுபோய் வேலியோரத்தில் வைத்தேன். அந்தப் பெண்தான் ஃப்ராவ் லிண்ட்னர்.

"குட்டியைத் தூக்கிக் காப்பாற்றிய கையால் எப்படிச் சுடுவாய்?" என்று ஊரில் என் தங்கை போனிலேயே சண்டைக்கு வந்தாள். நியாயமான கேள்வி. ஓநாய் இல்லாத அந்தக் காட்டில் மான் பெருகினால் ஒரு மரக்கன்று மேலே வராது என்றெல்லாம் பரீட்சைக்குப் படித்ததை ஒப்பித்தேன். அவள் சமாதானம் ஆகவில்லை. எனக்குத் தெரிந்த பதில் வேறு. காலையில் தேடிப்போனவர்களும் இலையுதிர் காலத்தில் சுட்டவர்களும் ஒரே ஆட்களாக இருந்தார்கள். அவர்களுக்கு அந்த மான்களை முகம் பார்த்தே அடையாளம் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருக்க எனக்குப் பிடித்தது.

மாப்பிள்ளை பார்த்த படலம்

சரி, தோட்டாவுக்கு வருகிறேன்.

துப்பாக்கி வாங்குவது என்றால் முதலில் தோட்டா வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தத் தோட்டாவோ அதற்குத்தான் குழல். சட்டம் சொல்வது இவ்வளவுதான்: ரே மானுக்குச் சின்னத் தோட்டாவே போதும். காட்டுப்பன்றி, பெரிய சிவப்பு மான் என்று போனால் குண்டின் குறுக்களவு குறைந்தது ஆறரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும், நூறு மீட்டர் தூரத்திலும் அதில் போதிய வலு மிச்சம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் ஆறரையிலிருந்து ஒன்பது சொச்சம் வரையில் இருக்கிற நடுத்தரக் குடும்பத்தில்தான் சம்பந்தம் பண்ண வேண்டும்.

அந்தக் குடும்பத்தில் ஆள் ஏராளம். ஆறரை, ஸ்வீடன்காரர்களுடையது, சாது. ஏழு-ஐம்பத்தேழு, நூறு வயது தாண்டியது. அதில் முதல் எண் குண்டின் குறுக்களவு, இரண்டாவது எண் தோட்டாக் கூட்டின் நீளம். பிறகு அமெரிக்காக்காரர்களின் முப்பது-நாட்-ஆறு, அது அங்குலக் கணக்கு, எந்தக் கூட்டத்திலும் நாலு பேர் கையில் இருக்கும். எட்டு, ஜெர்மன் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. கடைசியாக ஒன்பது புள்ளி மூன்று. கனத்த குண்டு. ஆப்பிரிக்காவில் யானையின் முன்னால் இதை வைத்துக்கொண்டு நின்றோம் என்று பீர் குடித்துக்கொண்டே கதை சொல்வார்கள்.

பொறியாளர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் என்ன நடக்கும்? எக்ஸெல் தாள் திறந்தேன். வலு, வேகம், குண்டு கீழே இறங்கும் அளவு, கறி சேதம், கடையில் கிடைக்கும் வசதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்.

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட நீ இவ்வளவு யோசிச்சிருக்க மாட்ட," என்றார் செந்தில்.

"அப்ப எக்ஸெல் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா இன்னிக்கு யார் இங்க உக்காந்திருப்பாங்களோ."

அவருக்கு ஒரே கவலை, கறி. வீட்டில் சமையல் அவர் பொறுப்பு. வேகமான சின்னக் குண்டு தோளில் பட்டால் இறைச்சி ரத்தம் கட்டிக் குப்பைக்குப் போகும், மெதுவான கனத்த குண்டு துளை போட்டுவிட்டுப் போய்விடும் என்று எங்கோ படித்துவிட்டு வந்தார். "தொடை மட்டும் இல்ல, தோளும் எனக்கு முழுசா வேணும். மிளகுக் கறிக்கு அதுதான் ருசி." அந்த ஒரு காரணத்துக்காகவே ஒன்பது புள்ளி மூன்றின் மதிப்பெண் ஏறியது.

உதைக்கும் ஒரு பத்தி இருந்தது. அதற்கு நான் கொடுத்த மதிப்பு ஏறக்குறையப் பூஜ்யம். ஏன் தெரியுமா? நான் சிவகாசிக்காரி. விடிந்தால் எங்கேயோ ஒரு வெடி, பொழுது அடைந்தால் எங்கேயோ ஒரு வெடி என்று வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போகிற வயதில் லட்சுமி வெடியைக் கையில் பிடித்துப் பற்றவைத்துத் தூக்கிப் போட்டவள். எனக்கா பயம்?

பற்றிக்கொண்ட இடம்

துப்பாக்கிக் கடைக்கு வாசுகியும் கூட வந்தாள். வாசுகியைப் பற்றிப் போன வாரமே சொல்லியிருக்கிறேன், பரீட்சை வகுப்பில் என் பக்கத்து நாற்காலி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கைக்குழந்தையாக ஜெர்மனிக்கு வந்து, நூரம்பெர்க்கில் வளர்ந்தவள். கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிற வேலை. அவளுக்கு ஏற்கனவே அவளுடைய ஜெர்மன் தோழியின் குடும்பக் காட்டில் இடம் கிடைத்துவிட்டது. அதனால் எங்களுக்குள் போட்டியில்லை.

கடைக்காரர் பெரிய மீசைக்காரர். என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார். நான் ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டியவள், அளக்க அதிக நேரம் ஆகவில்லை. "பெண்களுக்கு ஆறரை அழகாக இருக்கும்," என்றார்.

எனக்கு உச்சந்தலையில் பற்றிக்கொண்டு வந்தது. பெண்களுக்கு அழகாக இருக்குமாம், வளையலா வாங்க வந்தேன்?

வாசுகி சிரித்துக்கொண்டே ஆறரையைத் தோளில் வைத்துப் பார்த்தாள். "எனக்கு இது காணும் அக்கா, இதுவே போதும். மான் செத்தால் சரிதானே. எதால செத்தது எண்டு அதுக்குத் தெரியப்போகுதே?"

"எனக்கு ஒன்பது புள்ளி மூன்று காட்டுங்கள்," என்றேன் நான்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். அந்த நேரத்தில் யாராவது அதைச் சொல்லியிருந்தால் அவர்களையும் ஒரு பிடி பிடித்திருப்பேன்.

ஆற்றோரத்துக் கரி அடுப்பு

ஏப்ரலில் சுடுகளத்தில் மானம் போன பிறகு வீட்டுக்கு வந்து துப்பாக்கியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் சாக்குச் சொல்லிக் களத்துக்குப் போகாமல் இருந்தேன். வாசுகியோடு போனபோதும் அதே கூத்து. பல்லைக் கடித்தேன், மூச்சைப் பிடித்தேன், 'மிரளாதே மிரளாதே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குண்டு ஒருமுறை இடப்பக்கம் கீழே, ஒருமுறை அதற்கும் கீழே. அறுவடைக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு. எர்லாங்கனில் ஆற்றோரப் புல்வெளியில் வெயில் வந்தால் ஊரே கரி அடுப்போடு இறங்கிவிடும். ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துக்காக வீட்டுக்கு வீடு கொடி கட்டினார்களே, அந்தக் கோடைக்கு முந்தைய கோடை. செந்தில் முந்தின நாளே மசாலா தடவி வைத்த கோழி, வாசுகி கொண்டுவந்த ரொட்டி. காற்று அடித்து அடுப்பு அணைந்து அணைந்து போனது. "நகருங்க, இதுகூடத் தெரியாம," என்று செந்திலைத் தள்ளிவிட்டு நானே நீளத் தீக்குச்சியை எடுத்தேன்.

கொளுத்தினேன். கரி குப்பென்று பிடித்தது.

"அக்கா!" என்று வாசுகி கத்தினாள். என் சேலை பற்றிவிட்டதோ என்று கீழே பார்த்தேன். அன்றைக்கு நான் கட்டியிருந்தது சேலையே இல்லை.

"அக்கா, திருப்பிச் செய்யுங்கோ."

"எதை?"

"இதைத்தான். திருப்பிக் கொளுத்துங்கோ. ப்ளீஸ்."

ஓரமாக ஒரு காகிதத்தைச் சுருட்டி வைத்து, இன்னொரு குச்சியை உரசிக் கொளுத்தினேன். அவள் என் முன்னால் குந்தி, கடையில் கண் பரிசோதிக்கிறவள் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெருப்பு படேக்க நீங்கள் கண்ணை மூடுறீங்கள். முகத்தை இடப்பக்கம் திருப்புறீங்கள். தோள் முன்னுக்கு வருது. சுடேக்கையும் இதைத்தான் செய்யிறீங்கள் அக்கா. ஒரு இம்மியும் வித்தியாசம் இல்லை. உங்களுக்குப் பயமில்லை. இது வேற ஏதோ பழக்கம்."

நான் அந்தத் தீக்குச்சியைக் கையில் வைத்தபடி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

பழக்கம்தான். எங்கள் தெருவில் எதிர்வீட்டு அண்ணன் ஒருவருக்கு ஒரு கண் கிடையாது. காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தீபாவளிக்குத் தீபாவளி, வெடிக்கு வெடி, அம்மா வாசலில் நின்று கத்திக்கொண்டே இருப்பாள்: "திரியில நெருப்பு வச்சதும் மூஞ்சியத் திருப்புடி! கண்ணு போனா வருமா?" பத்தவை, திரும்பு, ஓடு. எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே எங்கள் உடம்புக்கு அது தெரியும். வெடிச்சத்தத்துக்குப் பயப்படாதவள் என்று மார்தட்டிக்கொண்டேனே, அந்த மார்தட்டலுக்கு அடியில் இதுதான் இருந்தது. என் கையால் ஒன்றை வெடிக்க வைத்தால், அது வெடிக்கும்போது நான் பார்க்க மாட்டேன். வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோழி ஒரு பக்கம் கருகியது.

"இதை நீங்கள் மறக்கோணும் அக்கா," என்றாள் வாசுகி. "ஆனா அந்தப் பெரிய தோட்டாவோட மறக்க ஏலாது. அது ஒவ்வொரு தரமும் உங்களை உதைக்கேக்க, அம்மா சொன்னது சரிதான் எண்டு உங்கட உடம்பு நினைக்கும்."

புருவத்துத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

குழல் மேல் ஒரு நாணயம்

வாசுகி அவளுடைய ஆறரையை எனக்குக் கொஞ்ச நாள் இரவல் கொடுத்தாள். உரிமம் உள்ளவர்களுக்குள் அப்படிக் கொடுத்து வாங்க அங்கே சட்டம் இடம் தருகிறது. வேலை முடிந்து வந்ததும் வரவேற்பறை ஜன்னல் திரையை இழுத்து மூடுவேன். எதிர்வீட்டு அம்மாள் போலீசுக்குப் போன் போட்டால் யார் பதில் சொல்வது? போலித் தோட்டாவைப் போட்டுக்கொண்டு சுவரிலிருந்த கடிகாரத்தைக் குறிபார்ப்பேன். செந்தில் குழலின் முனையில் ஒரு யூரோ நாணயத்தைப் படுக்க வைப்பார். நான் விசையை அழுத்தும்போது நாணயம் விழக்கூடாது. அதுதான் பயிற்சி.

முதல் நாள் முழுக்க நாணயம் தரையில்தான் கிடந்தது.

"கண்ணைத் திற," என்பார் செந்தில்.

"திறந்துதாங்க இருக்கு."

"இப்ப திறந்திருக்கு. அப்ப மூடிக்கிச்சு."

என்னைப் பெற்றவள் மூடச் சொன்னாள், கட்டியவர் திறக்கச் சொல்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

நாள் போகப்போக நாணயம் நின்றது. அப்புறம் சனிக்கிழமைகளில் குவாரிக்குப் போனோம். வாசுகி நிஜத் தோட்டாவையும் போலித் தோட்டாவையும் கலந்து, எனக்குக் காட்டாமல் போட்டுக் கொடுப்பாள். ஆறரையின் உதை தோளில் ஒரு தள்ளு மாதிரிதான் இருந்தது. அது வலிக்கவில்லை. வலிக்காது என்று உடம்புக்குப் புரியப் புரிய, கழுத்து மெல்ல மெல்லத் திரும்புவதை நிறுத்தியது. ஒருநாள் சுட்டபோது, அட்டைக் குறியில் துளை விழுவதை நானே பார்த்தேன். கையிலிருந்த துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வாசுகியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

நூறு வயதுக்காரன்

ஒன்பது புள்ளி மூன்றைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, மீசைக்காரர் என்ன சொல்வாரோ என்று வழி முழுக்கப் பதில் தயார் பண்ணிக்கொண்டே போனேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், என் புருவத்தைப் பார்த்தார்.

"அன்றைக்கு நான் 'பெண்களுக்கு' என்று சொல்லியிருக்கக் கூடாது," என்றார். "ஆறடி ஆண்களும் இதைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் காரணம் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

தயார் பண்ணிய பதிலெல்லாம் வீணாகிவிட்டது.

வாசுகி மாதிரி ஆறரையே வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஃப்ராவ் லிண்ட்னரின் காட்டையொட்டி மக்காச்சோளம். சோளம் என்றால் பன்றி. பன்றிக்கு இன்னும் கொஞ்சம் கனத்த குண்டு இருந்தால் மனசுக்குத் தெம்பு. கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு பழைய துப்பாக்கியை எடுத்துவந்தார். ஏழு-ஐம்பத்தேழு. பல கைகள் பட்டு மரம் கறுத்திருந்தது. அதன் தோளில் பதியும் பின்கட்டையை யாரோ ஒரு குள்ள மனிதருக்காக ஏற்கனவே குட்டையாக வெட்டியிருந்தார்கள்.

தோளில் வைத்தேன். கன்னம் தானாகப் போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே வேண்டிய இடைவெளி தானாக வந்தது. முந்தைய துப்பாக்கியில் நான் எட்டி எட்டி, கழுத்தை நீட்டி, ஸ்கோப்புக்குள் நெற்றியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. என் எக்ஸெல் தாளில் இருந்த பத்திகளில் ஒன்றுகூட என்னைப் பற்றியது இல்லை. என் கை நீளம், என் கழுத்து, என் கண், என் அம்மா, ஒன்றையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

உதை ஆறரையைவிட ஒரு பிடி கூடுதல். குண்டு மெதுவானது, கறியைக் கெடுக்காது. அந்தக் காட்டில் நூறு மீட்டருக்கு மேல் சுடவே வழியில்லை. அந்தத் தூரத்துக்கு மான், பன்றி இரண்டுக்கும் இது போதும், மிச்சமும் இருக்கும்.

ஜூலையில் மறுபடி குவாரி. ஃப்ராவ் லிண்ட்னர் தோட்டா போட்டுக் கொடுத்தார். வெடித்தது. வெடித்தது. பிறகு 'டிக்'. குழல் அசையவில்லை. பின்னால் யாரும் இருமவில்லை. அவர் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. "ஆகஸ்டில் வாருங்கள். முடிவைக் காட்டில் சொல்கிறேன்," என்றார். பல் மருத்துவர் இன்னும் வரிசையில்தான் இருந்தார்.

ஓடை ஓரம்

ஆகஸ்டின் முதல் வாரம். ரே மான்கள் ஜோடி சேரும் காலம். வெயில் இன்னும் கோதுமைத் தாளின் மேல் கிடந்த மாலை நேரம். காட்டோரத்துப் பரணில் நானும் ஃப்ராவ் லிண்ட்னரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். அவர் மேல் பால் வாசனை அடித்தது. என் மேல் கொசு மருந்து வாசனை.

பெண் மான் ஒன்று ஓடைப் பக்கத்துப் புல்வெளியில் ஓடிவந்தது. அதன் பின்னாலேயே ஒரு கிடா மான். வயதானது, கழுத்து தடித்தது, கொம்பின் ஒரு கிளை குட்டை. அது வட்டம் சுற்றியது. நான் துப்பாக்கியைப் பரணின் கட்டையில் ஊன்றிக் குறிபார்த்தேன். கிடா முகம் காட்டி நின்றது, நான் சுடவில்லை. பின்புறம் காட்டியது, சுடவில்லை. பக்கத்தில் இருந்தவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மனசுக்குள் அந்தக் கிடாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். கேட்டேன்.

அது பக்கவாட்டில் திரும்பி நின்றது. நான் விசையை அழுத்தினேன்.

சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. கிடா நின்ற இடம் வெறுமையாக இருந்தது. ஃப்ராவ் லிண்ட்னர் எழுந்திருக்கவில்லை, தொலைநோக்கியை எடுக்கவும் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கள்," என்றார்.

அந்த ஊர் வேட்டைக்காரர்களின் வழக்கம் அது. சுட்டதும் கீழே இறங்கி ஓடக்கூடாது. குண்டு பட்ட நொடியில் மிருகம் என்ன செய்தது என்று சுட்டவர்தான் சொல்ல வேண்டும். முன்னங்காலைத் தூக்கித் துள்ளினால் ஒரு பொருள், பின்னங்காலை உதைத்தால் ஒரு பொருள், முதுகை வளைத்தால் இன்னொன்று. அதை வைத்துத்தான் உடனே தேடுவதா, பொறுத்திருப்பதா, நாயை அழைப்பதா என்று முடிவு செய்வார்கள். கண்ணை மூடியவரால் இதைச் சொல்ல முடியாது. எதையாவது கற்பனை செய்து சொன்னால் அனுபவசாலிக்கு ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

"தோளுக்குப் பின்னால், கீழ்ப்பக்கம் பட்டது," என்றேன். "பட்ட இடத்தில் முடி தூசு மாதிரிப் பறந்தது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிமிர்ந்து துள்ளியது. அப்புறம் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடையை ஒட்டி வேகமாக ஓடியது. ஒடிந்த ஹேசல் புதருக்குப் பக்கத்தில் இடப்பக்கம் சாய்ந்தது. பின்னங்கால் இரண்டு தரம் ஆடியது. அப்புறம் புல் அசையவில்லை."

சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். ஓர் உயிரை எடுத்த துக்கம் ஒரு பாதி. அதை எடுத்த நொடியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கடைசிவரை அதோடு இருந்தேன் என்பது மறு பாதி. கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இல்லை.

ஃப்ராவ் லிண்ட்னர் பரணின் ஏணிப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு இறங்கினோம். சொன்ன இடத்திலேயே கிடந்தது. அவர் ஓக் மரத்தில் ஒரு சின்னக் கிளையை ஒடித்துக் கிடாவின் வாயில் வைத்தார், செத்த மிருகத்துக்கு அங்கே கொடுக்கும் கடைசிக் கவளம். இன்னொரு கிளையை, சுட்டவர் தொப்பியில் செருகிக்கொள்வதற்கு, என்னிடம் நீட்டினார். என்னிடம் தொப்பி இல்லை, அதனால் சட்டைப் பித்தான் துளையில் செருகிக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்து கையை நீட்டிக் காட்டினார். "இந்த ஓடையிலிருந்து அதோ அந்த வெள்ளைப் பாறை வரைக்கும் இனி உங்கள் பக்கம். இங்கே எது அடிபட்டாலும், எது குட்டி போட்டாலும், சோளத்துக்குள் எது புகுந்தாலும் நான் முதலில் உங்களைத்தான் கேட்பேன்."

"கேளுங்கள்," என்றேன்.

வந்து ஆறு வருஷத்தில், அந்த நாட்டில் யாரும் என்னிடம் எதையும் அப்படி ஒப்படைத்ததில்லை.